உங்களுக்குத் தெரியுமா? மீன் உடம்பில் தொங்கும் 'நூல்' புழுவே அல்ல!

பெஸ்தாரி ஜெயா (பழைய பத்தாங் பெர்ஜுந்தை) பக்கத்து ஈயக் குட்டைகளிலோ கோலசிலாங்கூர் வட்டாரத்து மீன் குளங்களிலோ பிடித்த கெண்டையின் செதிலோரம் ஒரு சென்டிமீட்டர் நீள வெள்ளை நூல் தொங்கினால், அது 'நங்கூரப் புழு'வாக இருக்கலாம். பெயரில்தான் புழு. உண்மையில் இறால், நண்டுக்குச் சொந்தக்காரன். 1758-இல் இதற்கு அறிவியல் பெயரிட்ட லின்னேயஸே இதைப் புழுக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார் என்றால், நாம் ஏமாறுவதில் வியப்பில்லை.

மீனைக் குடைவது பெண் மட்டும்தான். ஆண், இணைசேர்ந்ததும் செத்துப்போகும். பெண்ணோ தலையைத் தசைக்குள் புதைத்து, அங்கே கொம்பு கொம்பாகக் கிளைவிட்டு மாட்டிக்கொள்ளும். இடுக்கியால் வெடுக்கென இழுத்தால் வால் கையோடு வரும். தலை உள்ளேயே தங்கிப் புண்ணாகும். நூலின் நுனியில் இரட்டைச் சரமாகத் தெரிவது முட்டைப் பை. நம் ஊர் வெதுவெதுப்பான நீரில் ஏறக்குறைய மூன்றே வாரத்தில் அடுத்த தலைமுறை தயார். குளிர்நாட்டுக் குளங்களில் இந்த வேகம் கிடையாது.

இந்த ஒட்டுண்ணிக் கூட்டம் தோலோடு நிற்பதுமில்லை. தொங்சான் எனப்படும் பெருந்தலைக் கெண்டையின் கண்ணையே இதன் நெருங்கிய உறவினம் ஒன்று பாழாக்குவதை மலேசிய ஆய்வாளர் முகமது ஷரீஃப் 1981-இல் விவரித்தார்.

சரி, அந்த மீனைக் குழம்பு வைக்கலாமா? இது மனிதருக்குத் தொற்றாது. புண்பட்ட சதையை வெட்டி எறிந்து, நன்றாக வேகவைத்தால் போதும். ஆனால் பிடித்த மீனை வேறு குளத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.