வெள்ளப் பாதிப்புக்கு இலவச வழக்கறிஞர்: சந்தேகங்களும் விளக்கங்களும்

2025 அக்டோபர் கனமழையில் முல்லைப் பெரியாறு பெருக்கெடுத்து, தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் நெல் வயல்கள் மூழ்கின. பாதிக்கப்பட்டோருக்குச் சட்டம் தரும் வழக்கறிஞர் உதவி குறித்த விளக்கங்கள்:

சொந்த நிலம், ஓரளவு வருமானம் உள்ளவருக்கும் இலவச வழக்கறிஞர் உண்டா?

உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987-இன் 12-வது பிரிவு, வெள்ளம், வறட்சி, நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்டோரைத் தனிப் பிரிவாகச் சேர்த்துள்ளது. வருமான உச்சவரம்பு இவர்களுக்குப் பொருந்தாது.

எங்கே விண்ணப்பிப்பது? வழக்கறிஞருக்குப் பணம் தர வேண்டுமா?

தேனி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ, வட்ட சட்டப் பணிகள் குழுவிலோ விண்ணப்பிக்கலாம். கட்டணமில்லா உதவி எண் 15100. 7 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. வழக்கறிஞருக்கான ஊதியத்தை ஆணைக்குழுவே வழங்குகிறது. மனுதாரரிடம் அவர் பணம் கேட்பது விதிமீறல்.

நிவாரணத்தை வழக்கறிஞர் வாங்கித் தருவாரா?

தொகையை முடிவு செய்வது அரசு. விடுபட்ட பெயருக்கு மனு எழுதுவதும், ஆவணங்களைத் திரட்டித் தருவதும், தொகை விதிப்படி உள்ளதா எனப் பார்ப்பதும் வழக்கறிஞர் வேலை. 2022-23 முதல் 2025-26 வரைக்கான மத்திய அரசு நெறிமுறைப்படி உயிரிழப்புக்கு ரூ.4 லட்சம், சமவெளியில் முழுதும் இடிந்த வீட்டுக்கு ரூ.1,20,000, மலைப்பகுதியில் ரூ.1,30,000. பயிர்ச் சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் ஹெக்டேருக்கு மானாவாரிக்கு ரூ.8,500, பாசனப் பயிருக்கு ரூ.17,000, திராட்சை, தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு ரூ.22,500, உச்சவரம்பு 2 ஹெக்டேர். பொய்யான தகவல் தந்து நிவாரணம் கோரினால் 2 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

பட்டா நில உரிமையாளர் பெயரில் உள்ளது. குத்தகைதாரர் என்ன செய்வது?

பயிர் செய்தவர் யார் என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரின் பயிர்ப் பதிவேடான அடங்கல் முக்கிய ஆதாரம். வாய்மொழிக் குத்தகையில் சிக்கல் வருவது பெரும்பாலும் இங்கேதான். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் ஒன்றும் உள்ளது.

நெல் மூழ்கியதற்குக் காப்பீடு கிடைக்குமா?

பிரதமர் பயிர்க் காப்பீட்டில் தனி வயல் இழப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆனால், நெல் வயல் மூழ்குவது 2018-இல் இந்த வகையிலிருந்து நீக்கப்பட்டது. 2026 காரிஃப் பருவம் முதல் மீண்டும் சேர்க்கப்படும் என மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. எனவே 2025 அக்டோபர் பாதிப்புக்கு, அறிவிக்கை செய்யப்பட்ட பகுதியின் சராசரி மகசூலே அடிப்படை. காப்பீட்டு நிறுவனத்தின் சேவைக் குறைபாடு குறித்து நுகர்வோர் ஆணையத்தை நாட 2 ஆண்டு அவகாசம் உண்டு.

நிவாரணம் மறுக்கப்பட்டால் உத்தமபாளையம் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாமா?

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன் கீழ் அரசு எடுக்கும் நடவடிக்கைகளை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மட்டுமே விசாரிக்க முடியும் என்கிறது அதன் 71-வது பிரிவு. எனவே தேனி மாவட்டத்தவர் செல்ல வேண்டியது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு. அங்கும் வழக்கறிஞர் இலவசமாகக் கிடைப்பார்.

இடுக்கித் தோட்ட வேலைக்குப் போனவர் நிலச்சரிவில் காணாமல் போனால்?

2020 ஆகஸ்ட் 6-இல் இடுக்கி மாவட்டப் பெட்டிமுடியில் நிலச்சரிவில் 70 பேர் பலியானபோது சிலரது உடல்கள் கிடைக்கவே இல்லை. பொதுச் சட்டப்படி 7 ஆண்டுகள் தகவல் இல்லாவிட்டால்தான் இறந்ததாகக் கருத முடியும். பெரும் பேரிடர்களில் அரசு தனி நடைமுறை அறிவித்து அதற்கு முன்பே சான்றிதழ் தருவதுண்டு. வாரிசுச் சான்றிதழுக்கு, இறந்தவர் வசித்த வட்டத்தின் வட்டாட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும்.