அடிமை விலங்கும் அரிச்சுவடியும்

சென்ற மாதம் அமிர்திப் பக்கத்து விவசாய அங்கத்தினர் ஒருவரின் கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கச் சென்றிருந்தேன். தமது வரவு செலவைக் காட்ட அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். அதன் கடைசிப் பக்கங்களில், சவுக்கு வெட்ட வந்த குடும்பம் ஒன்றின் பெயரில் பற்று எழுதப்பட்டிருந்தது. முன்பணம், வைத்தியச் செலவு, அரிசி, திருவிழாச் செலவு என்று எல்லாம் இருந்தன. வரவுப் பத்தி மட்டும் வெறுமையாக இருந்தது.

"செய்த வேலைக்குக் கூலியை எங்கே வரவு வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"வேலை செய்கிறார்கள் ஐயா; கடன் அப்படியே நிற்கிறதே" என்றார்.

அவர் கொடியவர் அல்லர். தம் தகப்பனார் எழுதிய முறையிலேயே எழுதி வந்தார். வெளியே அக்குடும்பத்துச் சிறுவன், பள்ளிக்கூடம் நடக்கும் நேரத்தில், கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

அடிமை முறை என்றால் அமெரிக்காவையே நாம் நினைக்கிறோம். நம் நாட்டிலும் அது இருந்தது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமைத்தனத்தை ஒழிக்க 1833-இல் பிறந்த சட்டம், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளை விலக்கிவைத்தது. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டமே இங்கு முதல் அடியை எடுத்து வைத்தது. அடிமை மீது உரிமை கோரி வரும் வழக்கை நீதிமன்றம் ஏற்கலாகாது, வரி பாக்கிக்காக அதிகாரிகள் அடிமையை விற்கலாகாது என்று அது விதித்தது. ஆளை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டம் 1862-இல் நடைமுறைக்கு வந்தது.

ஆளை விற்பது குற்றமாயிற்று. ஆளின் பெயரில் கடன் எழுதுவது குற்றமாகவில்லை. ஆகவே அடிமைச் சீட்டு போய்க் கடன் சீட்டு வந்தது. 1891-இல் செங்கற்பட்டு ஜில்லாக் கலெக்டராகப் பணியாற்றிய டிரெமென்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்கள் நிலமின்றிக் கடனால் பண்ணைகளில் கட்டுண்டு கிடப்பதைச் சர்க்காருக்கு விரிவாக எழுதினார். அதன் பயனாக 1892-இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதுவே.

அமெரிக்காவிலும் கதை வேறன்று. 1865-இல் அரசியல் சாசனத்தின் 13-ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. ஆனால் நிலம் கிடைக்காத மக்கள் வாரத்துக்கு உழுது, கடைக்காரரின் பேரேட்டில் மீளாக் கடனாளிகளாயினர். அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதைத் தென்பகுதி ராஜ்யங்கள் பல முன்பே தடுத்து வைத்திருந்தன. படிக்கத் தெரிந்தவன் கணக்கையும் படித்துவிடுவான் அல்லவா? வடக்கே மாசசூசெட்ஸில், 1837 முதல் ஹொரேஸ் மான் பொதுப் பள்ளிகளுக்காகப் பாடுபட்டார். அந்த ராஜ்யம் 1852-இல் கட்டாயப் பள்ளி வருகைச் சட்டம் இயற்றியது. விடுதலைக்குப் பின் தெற்கே, பேரப்பிள்ளைகளோடு முதியோரும் அரிச்சுவடி கற்க அமர்ந்தனர்.

சென்னை ராஜதானியில், தாழ்த்தப்பட்டோர் கல்விக்கென 1893-இல் தனி அரசாணை வந்தது. 1894-இல் கர்னல் ஆல்காட் அடையாற்றை அடுத்து இலவசப் பள்ளி தொடங்கினார். 1920-இல் ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது. 1956-இல் காமராஜர் மதிய உணவைப் பரவலாக்கினார். 6 முதல் 14 வயது வரை கல்வி உரிமை என்னும் சட்டம் 2010-இல் அமலுக்கு வந்தது. குழந்தையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1933-லேயே ஒரு சட்டம் கூறிவிட்டது.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் நிறைவேறியது. முன்பணத்துக்கு ஈடாகக் கூலியின்றியோ பெயரளவுக் கூலிக்கோ உழைக்கச் செய்வதும், வேறிடம் சென்று வேலை தேட விடாமல் தடுப்பதும் அச்சட்டப்படி கொத்தடிமைத்தனமே. அக்கடன் அத்துடன் ஒழிந்தது. அதை வசூலிக்க எவருக்கும் உரிமை இல்லை. மீறினால் மூன்றாண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. இது பழங்கதை என்று எண்ண வேண்டா. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டனர். அவர்களில் குழந்தைகளும் இருந்தனர்.

அங்கத்தினர்களே! நூல் கொடுத்துச் சேலை வாங்கும் முதலாளியிடம் முன்பணம் பெற்று, அவர் சொன்ன கூலிக்கே நெய்த காலத்தை நம் நெசவாளர் மறந்திருக்க மாட்டார்கள். லேவாதேவிக்காரரிடம் நிலத்தை அடகு வைத்த வேதனையை விவசாயிகளும் அறிவார்கள். அந்தப் பிடியிலிருந்து விடுபடவே 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. கடனிலிருந்து மீண்டவர் பிறரைக் கடனால் கட்டலாமா?

அந்தக் குடும்பத்தைப் பற்றிக் கோட்டாட்சியருக்கு எழுதியிருக்கிறேன். எழுதப் போவதை அந்த அங்கத்தினரிடமும் மறைக்கவில்லை. அவர் முகம் வாடிற்று. நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "பையனை நாளைக்கே பள்ளிக்கு அனுப்பச் சொல்லுகிறேன்" என்றார். அனுப்பச் சொல்வதற்கும் தடுப்பதற்கும் அவருக்கு அதிகாரம் இருப்பதாக அவர் எண்ணியதுதான் நோயின் வேர் என்பதை அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

உங்கள் வீட்டு நோட்டுப் புத்தகத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கூலியை வாரந்தோறும் கையில் கொடுங்கள். கணக்கை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை அதைத் தானே படித்துச் சரிபார்க்கும் நாள் வரவேண்டும்.