பக்கத்துப் பிள்ளையிடம் கேள்

திருப்பதிக்கு வரும் தமிழர்களில் பெரும்பாலோருக்கு ஊர் மலையடிவாரத்தோடு முடிந்துவிடுகிறது. தரிசனம், லட்டு, திருச்சானூர், திரும்பும் பஸ். மேற்கே சந்திரகிரிக் கோட்டையைத் தாண்டி, பாகராப்பேட்டை மலைப்பாதையில் ஏறி, பீலேறு வழியாகப் போகும் சாலையில் அவர்களுக்கு வேலை எதுவும் இல்லை. அந்தச் சாலையில் சுமார் 120 கி.மீ. சென்றால் மதனப்பள்ளி. தக்காளிச் சந்தைக்குப் பேர்போன ஊர்; ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895-ல் பிறந்த ஊர். அதற்குச் சற்றுத் தள்ளி, பாறைக் குன்றுகளுக்கு நடுவே, அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் ரிஷிவேலிப் பள்ளி. பழைய சித்தூர் மாவட்டம் 2022 ஏப்ரலில் பிரிக்கப்பட்டபோது திருப்பதி தனி மாவட்டமானது. மதனப்பள்ளிப் பகுதியோ சித்தூரை விட்டு விலகிப் புதிய அன்னமய்யா மாவட்டத்துக்குப் போனது. இங்கே சொல்லப்படும் விஷயம் அதற்கு வெகு காலம் முந்தையது.

ரிஷிவேலி என்றதும் நினைவுக்கு வருவது வசதியான வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி. ஆனால் தமிழகத்தின் ஆயிரக்கணக்கான அரசுத் தொடக்கப் பள்ளிகளை ஒரு காலத்தில் தலைகீழாகப் புரட்டிப்போட்டது அந்தப் பள்ளி அல்ல. அதைச் சுற்றியுள்ள குக்கிராமங்களில், ஒரே அறையில், ஒரே ஆசிரியரோடு நடந்த சின்னப் பள்ளிகள்.

அந்த ஒற்றை ஆசிரியரின் நிலைமையைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஐந்து வகுப்புகள், ஓர் அறை. ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தால் நான்காம் வகுப்பு சும்மா உட்கார்ந்திருக்கும். நான்காம் வகுப்புக்குக் கணக்குப் போட்டால் ஒன்றாம் வகுப்பு ஓடிப்போகும். சந்தேகம் வந்தால் கேட்கப் பக்கத்து அறையில் இன்னொரு ஆசிரியர் கிடையாது. பக்கத்து அறையே கிடையாது. போதாக்குறைக்கு ராயலசீமையின் வறண்ட பூமி. நிலக்கடலை பிடுங்கும் நாட்களில் பிள்ளைகள் காட்டுக்குப் போய்விடுவார்கள். சில வாரம் கழித்துத் திரும்பினால் பாடப் புத்தகம் பத்துப் பக்கம் முன்னேறியிருக்கும். புரியாத பக்கத்தின் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது ஒருவித அவமானம். அடுத்த அறுவடைக்குப் போனால் அது திரும்பி வராது. பதிவேட்டில் ‘இடைநிற்றல்’ என்று ஒரு வார்த்தை ஏறும். அவ்வளவுதான்.

ரிஷிவேலியின் கிராமக் கல்வி மையம் இந்தச் சிக்கலோடுதான் மல்லுக்கட்டியது. ராதிகா ஹெர்ஸ்பெர்கர் ரிஷிவேலியின் இயக்குநராக இருந்த 1980-களின் பிற்பகுதியில் பத்மநாப ராவ், ரமா தம்பதி இந்தப் பணியில் இறங்கினார்கள். அவர்கள் கண்டுகொண்ட உண்மை எளிமையானது: அரசாங்கப் பாடப் புத்தகம் ஒரு கற்பனைப் பள்ளிக்காக எழுதப்பட்டிருக்கிறது. அங்கே வகுப்புக்கு ஓர் ஆசிரியர் உண்டு. எல்லாப் பிள்ளைகளும் தினமும் வருவார்கள். எல்லோரும் ஒரே வேகத்தில் கற்பார்கள். அப்படியொரு பள்ளி அந்தக் குன்றுகளுக்கு இடையில் எங்கும் இல்லை.

எனவே புத்தகம் பிரிக்கப்பட்டது. பாடங்கள் சின்னச் சின்னப் படிகளாக உடைக்கப்பட்டு, ஒவ்வொரு படியும் ஓர் அட்டையாயிற்று. அட்டைகளின் வரிசை ‘ஏணி’யாகச் சுவரில் ஏறியது. பிள்ளை தான் எந்தப் படியில் நிற்கிறது என்பதை ஏணியில் தானே பார்த்துக்கொள்ளும். தட்டிலிருந்து அதற்குரிய அட்டையைத் தானே எடுத்துவரும். எழுதத் தெரியாத பிள்ளைக்கும் புரிய வேண்டுமே என்று அட்டைகளில் படச் சின்னங்கள். கடலைக் காட்டுக்குப் போய் ஒரு மாதம் கழித்து வரும் பிள்ளைக்கு அதன் படி அங்கேயே காத்திருக்கும். அதை யாரும் தாண்டிப் போய்விட முடியாது. 1990-களின் தொடக்கத்தில் இந்த அட்டைத் தொகுப்புக்கு ‘பெட்டிக்குள் பள்ளி’ என்று பெயர் கிடைத்தது.

அட்டையும் ஏணியும் கண்ணில் படும் சமாச்சாரங்கள். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் அவற்றைத்தான் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். உண்மையான மாற்றம் பிள்ளைகள் உட்காரும் விதத்தில் இருந்தது. வரிசை இல்லை, வகுப்பும் இல்லை; வட்டங்கள் மட்டும். ஒரு வட்டத்தில் ஆசிரியர் கூடவே இருந்து புதிய பாடத்தை அறிமுகப்படுத்துவார். இன்னொன்றில் அவ்வப்போது எட்டிப் பார்ப்பார். வேறொரு வட்டம் தானாகவே பயிற்சி செய்யும். இவற்றுக்கு நடுவே முழுக்க முழுக்கப் பிள்ளைகளே ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் வட்டம் ஒன்று. அதில் இந்தப் படியை முன்பே கடந்தவளும் இப்போதுதான் ஏறுகிறவனும் ஒரே பாயில் இருப்பார்கள். ‘இது எப்படி?’ என்று கேட்பதற்குக் கை உயர்த்தி அனுமதி வாங்க வேண்டியதில்லை. பக்கத்தில் திரும்பினால் போதும்.

வழக்கமான பள்ளிக்கூடத்தில் இதற்குப் பெயர் ‘பேசாதே’ அல்லது ‘காப்பி அடிக்காதே’. நம் பள்ளிகளில் பக்கத்துப் பிள்ளையைக் கேட்பது பெரும்பாலும் ஒரு குற்றம். இங்கே அது பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. சொல்லிக்கொடுக்கும் பிள்ளைக்கும் லாபம் உண்டு: தனக்குப் புரிந்ததாக நினைத்தது உண்மையில் புரிந்ததா என்பது இன்னொருவருக்குச் சொல்லும்போதுதான் தெரியவரும். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கோ பயம் இல்லை. பத்து வயதுப் பெண்ணிடம் ஏழு வயதுப் பையன் கேட்கும் கேள்விகளில் பலவற்றை அவன் எந்த ஆசிரியரிடமும் கேட்கமாட்டான்.

இந்த யோசனை முழுக்கப் புதியது அல்ல. ரிஷிவேலியில் ஒரு காலம் ஆசிரியராக இருந்த டேவிட் ஹார்ஸ்பரோ என்ற ஆங்கிலேயர், 1972-ல் எல்லைக்கு அப்பால் கோலார் மாவட்டத்தில் ‘நீல்பாக்’ என்ற பள்ளியைத் தொடங்கினார். வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் சேர்ந்தே கற்ற இடம் அது. இன்னும் பின்னால் போனால் கதை சென்னை எழும்பூருக்கே வந்துவிடும். 1789 முதல் 1796 வரை அங்கிருந்த ராணுவ ஆண் அநாதை இல்லத்தை நிர்வகித்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியில் அதைச் செய்யும்படி ஆசிரியர்களிடம் சொன்னார், அவர்கள் அசையவில்லை. பெல், ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். பையன் சாதித்துக் காட்டினான். 1797-ல் லண்டனில் இதைப் பற்றி பெல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு ‘மெட்ராஸ் முறை’ உலகம் சுற்றியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ‘மெட்ராஸ் கல்லூரி’ என்ற பெயரில் ஒரு பள்ளி இன்றும் இருக்கிறது. அந்தப் பெயருக்குக் காரணம் நம் ஊர் மணல் என்பது அங்கே படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

ஆனால் பெல்லின் முறையில் கற்பிக்கும் பிள்ளை ஒரு குட்டி அதிகாரி. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையும் அப்படித்தான். வாத்தியார் இல்லாத நேரத்தில் பிரம்பு அவன் கையில். ரிஷிவேலி வட்டத்தில் நிரந்தரச் சட்டாம்பிள்ளை கிடையாது. கணக்கில் உதவுகிறவள் தெலுங்குப் பாடத்தில் உதவி கேட்பாள். இன்று சொன்னவன் நாளை கேட்பான். வித்தியாசம் சிறியதாகத் தெரியலாம். அதிகாரம் செய்வதற்கும் ஒத்தாசை செய்வதற்கும் உள்ள தூரம் அது.

பிள்ளைகளுக்குப் பொருந்தியது ஆசிரியர்களுக்கும் பொருந்தியது. இந்தப் பள்ளிகளின் ஆசிரியர்கள் பெரும்பாலும் அந்தந்தப் பகுதி இளைஞர்கள். அவர்கள் கூடிப் பேசினார்கள். எந்த அட்டை பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை, எந்தப் படி மிக உயரம், எங்கே இன்னொரு படி நடுவில் தேவை என்றெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அட்டைகள் திருத்தப்பட்டன. ஊர்க்காரர்கள் சொன்ன கதைகள் பாடமாயின. தாய்மார்கள் பள்ளிக்கு வந்து கதை சொன்னார்கள். ‘மெட்ரிக் மேளா’ என்ற பெயரில் பிள்ளைகள் நடத்திய சந்தையில் ஊரே எடையும் உயரமும் பார்த்துக்கொண்டது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்குக் கிலோவும் கிராமும் விளக்கிச் சொன்னது அவளுடைய மகளாக இருக்கும்.

எல்லை தாண்டிப் போன முதல் பயணம் கர்நாடகத்துக்கு. மைசூர் மாவட்டத்தின் ஹெக்கடதேவனகோட்டை தாலுகாவிலிருந்து வந்து பார்த்த அரசுப் பள்ளி ஆசிரியர்கள், 1995-ல் யுனிசெஃப் ஆதரவோடு ‘நலி கலி’யைத் தொடங்கினார்கள். ‘ஆடிக் கற்போம்’ என்று பொருள். கன்னட அட்டைகளை அவர்களே உட்கார்ந்து எழுதினார்கள்.

தமிழகத்துக்கு வந்த வழி சுவாரஸ்யமானது. வேலூர்ப் பகுதியில் ஆட்சித் தலைவராக இருந்தபோது கொத்தடிமைப் பிள்ளைகளை மீட்டுப் படிக்கவைக்கும் வேலையில் ஈடுபட்டவர் எம்.பி. விஜயகுமார். பீடி சுற்றிய பத்து வயதுப் பையனை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் அவன் மறுநாள் வரமாட்டான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த அவர், ஆசிரியர்களை ரிஷிவேலிக்கு அனுப்பினார். முதலில் 13 மாநகராட்சிப் பள்ளிகள், அடுத்து 264. திரும்பி வந்த ஆசிரியர்கள் தமிழ் அட்டைகளைத் தயாரித்தார்கள். சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை வந்தது; தலைக்கு மேலே, பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரையில் பாயில் அமர்ந்தார். நமது பள்ளிக்கூடச் சரித்திரத்தில் இது சாதாரண விஷயம் அல்ல. விஜயகுமார் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரான பின், 2007-08-ல் ‘செயல்வழிக் கற்றல்’ மாநிலம் முழுவதும் 37,000-க்கும் அதிகமான பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

சிக்கலும் அங்கேதான். பதிமூன்று பள்ளி ஆசிரியர்கள் தேநீர் குடித்தபடி பேசித் தீர்க்கக்கூடிய விஷயத்தை முப்பத்தேழாயிரம் பள்ளிகளில் சுற்றறிக்கைதான் தீர்க்க வேண்டும். அட்டைகள் மாநிலம் முழுவதும் போயின. அட்டைகளை உருவாக்கிய பேச்சு அதே வேகத்தில் போகவில்லை. ஈடுபாட்டோடு செய்த ஆசிரியர்கள் ஏராளம். அவர்கள் வகுப்பில் பயம் போனது கண்கூடு. மற்ற இடங்களில் கிழிந்த அட்டை கிழிந்தபடியே இருந்தது. பதிவு எழுதும் வேலை கூடிவிட்டது என்ற முணுமுணுப்பு எழுந்தது. ‘புத்தகம் எங்கே, வீட்டுப்பாடம் எங்கே, பக்கத்துத் தெரு இங்கிலீஷ் பள்ளியில் எல்லாம் இருக்கிறதே’ என்று பெற்றோர் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வேலையும் ஆசிரியர் தலையில்தான் விழுந்தது. 2012-13-ல் முப்பருவப் புத்தகங்கள் வந்தன. கொரோனாவுக்குப் பின் 2022-ல் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. அதில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டார்கள். பெயர் மாறினாலும், ஒரே வகுப்பில் எல்லோரும் ஒரே படியில் நிற்பதில்லை என்ற உண்மையை இனி யாராலும் மறுக்க முடியாது.

இன்றைய சித்தூர் மாவட்டத்திலேயே இதற்கு இன்னொரு கிளை உண்டு. தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் குப்பத்துக்கு அருகே, குடிவங்காவில், அகஸ்த்யா அறக்கட்டளையின் 172 ஏக்கர் வளாகம். 1999-ல் அறக்கட்டளையைத் தொடங்கிய முன்னாள் வங்கியாளர் ராம்ஜி ராகவன் ரிஷிவேலியில் படித்தவர். சுற்றுவட்டார அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இங்கே அறிவியல் சோதனைகளைச் செய்து பழகுகிறார்கள். அவர்களில் சிலர் பயிற்சி பெற்று மற்றப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார்கள். அறிவியல் சந்தைகளில் மாதிரிகளுக்குப் பின்னால் நின்று விளக்குவது பெரியவர்கள் அல்ல, சீருடையில் இருக்கும் கிராமத்துப் பிள்ளைகள்.

ரிஷிவேலியின் ஏணி ஜெர்மனி வரை போயிருக்கிறது. ரெகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கல்வியாளர்கள் அதை ஆராய்ந்தார்கள். வசதிகள் நிறைந்த அந்த நாட்டிலும் ஒரே வகுப்பில் பல நிலைகளில் பிள்ளைகள் இருக்கிறார்கள்; அகதிக் குடும்பத்திலிருந்து வரும் பிள்ளைக்கு மொழியே தெரியாது.

தமிழகத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கூடிப் பேசுவதற்கென்று குறுவள மையங்கள் இருக்கின்றன. கூட்டத்துக்கு நாளும் நேரமும் மேலிருந்து வரும். பேச வேண்டிய பொருளும் அப்படியே. அது முடிந்து, கையெழுத்துப் போட்ட பின், பஸ்ஸுக்கு நிற்கும் பத்து நிமிஷத்தில் ஓர் ஆசிரியை இன்னொருவரிடம் கேட்பார்: “எங்க ஸ்கூல்ல கழித்தல் கணக்குல கடன் வாங்குறது ஒருத்தனுக்கும் புரியல. நீங்க எப்படிச் சொல்லிக் குடுத்தீங்க?” நிறுத்தத்திலேயே புளியங்கொட்டைகளைப் பொறுக்கி எடுத்து, பத்துப் பத்தாகப் பிரித்து வைத்து மற்றவர் காட்ட ஆரம்பிப்பார். பஸ் வருவதற்குள் அவர் முடித்தாக வேண்டும்.