ஏரிப் படகுக்கு நங்கூரம்: கேட்ட பிறகு விற்போம்



கடல் இல்லாத பெரம்பலூர், அரியலூர் மாவட்ட வணிகர்களுக்கு நங்கூரத்தைப் பற்றி என்ன கட்டுரை என்று சிலர் கேட்கலாம். (பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல்தான் இருந்தது என்பதற்கு அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் கிடைக்கும் கல்லாகிப் போன நத்தைகளே சாட்சி. அது வேறு கதை.) கடல் போய்விட்டாலும் ஏரிகள் இருக்கின்றன, தெற்கே கொள்ளிடம் இருக்கிறது. ஏரியில் மீன் குத்தகை எடுப்பவர்கள் பரிசலோ சிறிய ஃபைபர் படகோ வைத்து வலை விடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டிய கயிறும் சங்கிலியும் நம் கடைகளில்தான் போகின்றன.

2021-ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ஏரிக் குத்தகைதாரர் ஒருவர் நம்மிடம் கயிறு வாங்கிப் போனார். "நல்ல நைலான் கயிறா, விலை குறைவா கொடுங்க" என்றார். கொடுத்தோம். பெயிண்ட் டப்பாவில் சிமெண்ட் கலவை ஊற்றி நங்கூரம் செய்து, அந்தக் கயிற்றைக் கட்டினார். ஒரு நாள் இரவு காற்று எழும்பியபோது நங்கூரம் இழுபட்டுப் படகு கலிங்கை நோக்கிப் போயிற்று. ஏரி வழிந்துகொண்டிருந்த நேரம். படகில் இருந்த இருவரும் தண்ணீருக்குள் நின்ற கருவேல மரத்தைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை இருந்தார்கள். மறுநாள் அவர் கடைக்கு வந்து சண்டை போடவில்லை. "முதலாளி, எத்தனை அடி ஆழம்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகுதான் நாகப்பட்டினத்தில் கருவாடு கொள்முதல் செய்யப் போகும்போதெல்லாம் அங்குள்ள படகுக்காரர்களிடம் இதை விசாரித்துத் தெரிந்துகொண்டோம்.

முதலில் கயிறு. நம் வட்டாரத்தில் பளபளவென்று இருக்கும் பிளாஸ்டிக் கயிறு எல்லாவற்றுக்கும் நைலான் என்றே பெயர். பெரும்பாலும் அது பாலிப்ரொப்பிலீன். கயிற்றை நாம் கிலோக் கணக்கில் விற்கிறோம். பாலிப்ரொப்பிலீன் தண்ணீரைவிட லேசானது என்பதால் ஒரு கிலோவுக்கு அதிக நீளம் வரும். வாங்குபவருக்கும் லாபம் போலத் தோன்றும். ஆனால் அது மிதக்கும். மிதக்கும் கயிறு நங்கூரத்தின் தலையை மேலே தூக்கும், இன்ஜின் விசிறியிலும் சுற்றிக்கொள்ளும். உண்மையான நைலான் மூழ்கும், இழுத்தால் கொஞ்சம் நீண்டு கொடுத்து அதிர்ச்சியைத் தாங்கும். ஒரு சாண் துண்டை வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். மலிவுக் கயிறுதான் வேண்டும் என்பவருக்கு, நங்கூரத்தை ஒட்டி ஓர் ஆள் உயரத்துக்காவது இரும்புச் சங்கிலி கோத்துக் கொடுங்கள். அது கயிற்றைத் தரையோடு படிய வைக்கும்.

அடுத்தது நீளம். பலரும் ஏமாறுவது இதில்தான். ஆழம் ஆறடி, எனவே பத்தடிக் கயிறு போதும் என்று நினைக்கிறார்கள். நங்கூரம் கனத்தால் மட்டும் படகை நிறுத்துவதில்லை, தரையில் குத்தி நிற்பதால்தான் நிறுத்துகிறது. கயிறு செங்குத்தாக இழுத்தால் குத்தியது பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். படுக்கையாக இழுத்தால் இன்னும் ஆழமாகக் குத்தும். ஆகவே ஆழத்தோடு, நீர்மட்டத்திலிருந்து படகின் முனை வரை உள்ள உயரத்தையும் கூட்டி, குறைந்தது ஐந்து மடங்கு விட வேண்டும். காற்றுக் காலத்தில் ஏழு மடங்கு. ஆறடி ஆழம், முனை இரண்டடி என்றால் எட்டு. ஏழால் பெருக்கினால் 56 அடி. நம் குத்தகைதாரர் கட்டியிருந்தது இருபதடிக்கும் குறைவு.

சிமெண்ட் டப்பாவுக்கு வருவோம். சிமெண்ட் ஊரில் இருப்பதால் நமக்கு அது எளிது. ஆனால் நாலு லிட்டர் டப்பாவில் ஊற்றிய கலவை கரையில் ஒன்பதரைக் கிலோ இருந்தால், தண்ணீருக்குள் ஐந்தரைக் கிலோதான். பத்துக் கிலோக் கருங்கல் ஆறேகால் கிலோ ஆகிவிடும். பத்துக் கிலோ இரும்போ எட்டரைக்குக் குறையாது. அதற்கு மேல், டப்பாவுக்கும் கல்லுக்கும் குத்துவதற்கு முனை கிடையாது. காற்றில்லாத வேளையில் வலை எடுக்கும்வரை நிறுத்தி வைக்க மட்டுமே அவை உதவும்.

ஏரியின் தரை எது என்று கேட்டுத்தான் நங்கூரத்தைச் சொல்ல வேண்டும். நம் கரிசல் ஏரிகளில் வண்டலும் களியும் அதிகம். அங்கே நான்கு கொக்கி நங்கூரம் வெண்ணெயில் முள்கரண்டி போட்டது போல வழுக்கும். அகலமான இரண்டு தகடுகள் மடங்கித் திரும்பும் நங்கூரம் சேற்றிலும் மணலிலும் நன்றாகக் குத்தும். இரண்டாம் உலகப் போரில் கரையேறும் படகுகளுக்குப் பயன்பட்ட வகை அது. கொள்ளிடத்து மணலுக்கும் அதுவே ஏற்றது. பாறைக்கும் மரக்கட்டைக்கும்தான் கொக்கி. கருவேலக் கட்டைகள் நிற்கும் ஏரியில் கொக்கி சிக்கினால் வராது. எனவே கயிற்றை நங்கூரத்தின் அடிப்பக்கத்தில் கட்டி, மேல் வளையத்தோடு மெல்லிய சணலால் பிணைத்துவிட வேண்டும். சிக்கும்போது பலமாக இழுத்தால் சணல் அறுந்து, நங்கூரம் அடிப்பக்கமாகப் புரண்டு வந்துவிடும். ஒரு ரூபாய்ச் சணலில் பெரிய நங்கூரம் மிஞ்சும்.

ஐந்தடிக்குள் ஆழமும் சேறும் என்றால் நங்கூரமே வேண்டாம், பன்னிரண்டு அடி மூங்கில் கழியைச் சேற்றில் ஊன்றிப் படகைக் கட்டுங்கள் என்பதே நாம் சொல்வது. அமெரிக்காவில் தூண்டில்காரர்கள் இதே கழியை மின்சாரத்தால் இறங்குமாறு செய்து, எட்டடி, பத்தடி ஆழத்துக்கென்று பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள்! நம் மூங்கில் கடைக்காரர் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கேட்க மாட்டார்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள். நங்கூரக் கயிற்றைப் படகின் முன்முனையில்தான் கட்ட வேண்டும். பின்னாலோ பக்கத்திலோ கட்டினால் ஓடும் நீர் ஏறிப் படகு கவிழும். பரிசலுக்கு முன்முனையே கிடையாது என்பதால், கொள்ளிடத்தில் வெள்ளம் போகும்போது அதற்கு நங்கூரம் போடவே கூடாது.

அந்தக் குத்தகைதாரர் இப்போதும் நம்மிடம்தான் கயிறு வாங்குகிறார். வாளியில் தண்ணீர் வைத்திருக்கிறோமா என்று பார்த்துவிட்டுத்தான் விலை கேட்கிறார்.