குட்டி மீனுக்கு ஏற்ற ஃபில்டர்

கப்பி மீன் முட்டையிடாது, குட்டி போடும். சினையான தாய் ஏறக்குறைய நான்கு வாரத்தில் ஈனும் குட்டி, அரை சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டியிருக்கும். பிறந்த உடனே நீந்தும். பசித்தால் தாயே குட்டியை விழுங்கிவிடும் என்பது மீன் வளர்ப்பவர்களுக்கெல்லாம் தெரியும். அதனால் ஈன்றதும் தாயைப் பிரித்துவிடுகிறார்கள். தொட்டி ஓரத்தில் ஓயாமல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருக்கும் பவர் ஃபில்டரை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை. காலையில் குட்டிகள் குறைந்திருந்தால் பழி தாய்மேல் போகிறது. ஃபில்டரைக் கழற்றிப் பஞ்சை அலசிப் பார்த்தால் காணாமற்போன குட்டிகள் பல நேரம் அங்கே கிடக்கும்.

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் சாலையில் ரெட்டியார்பாளையம் தாண்டி வரும் மூலக்குளம் போன்ற குடியிருப்புப் பகுதியில் பெரிய மீன் பண்ணைக்கு இடம் ஏது? மாடிப்படிக்கு அடியிலோ மொட்டைமாடிக் கொட்டகையிலோ நாலைந்து கண்ணாடித் தொட்டிகளும் ஒரு சிமெண்டுத் தொட்டியும் வைக்கலாம். 2020-இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் இப்படி வீட்டுக் கொல்லையளவில் வண்ண மீன் வளர்ப்பதற்கும் மானியம் இடம்பெற்றது. புதிதாக இறங்குபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியவற்றில் ஒன்று ஃபில்டர். பளிச்சென்ற தண்ணீரைக் காட்டி விற்கப்படும் கருவியை வாங்கிவிடுகிறார்கள். இனப்பெருக்கத் தொட்டிக்கு அளவுகோல் வேறு. அந்தத் தொட்டியில் இருக்கப்போகும் ஆகச் சிறிய உயிர் எதுவோ, அதற்குப் பொருந்துகிற ஃபில்டரே சரி. அப்படிப் பார்த்தால் மலிவான ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு இணை எதுவுமில்லை. வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன சென்னை கொளத்தூரில் எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்கும் சாதாரணப் பொருள்தான் அது.

அதன் அமைப்பு எளிது. அடியில் கனமான தட்டு, அதன்மேல் உருளை வடிவ ஸ்பாஞ்ச், ஸ்பாஞ்சின் நடுவிலிருந்து மேலே எழும் ஒரு குழாய். தொட்டிக்கு வெளியே இருக்கும் ஏர் பம்பிலிருந்து மெல்லிய டியூப் வழியாகக் காற்று அந்தக் குழாயின் அடிக்குப் போகிறது. குமிழிகள் கலந்ததும் குழாய்க்குள் இருக்கும் தண்ணீர், சுற்றியுள்ள தண்ணீரைவிட எடை குறைந்ததாகிறது. வெளியே இருக்கும் கனமான தண்ணீர் அதை மேலே தள்ளுகிறது. மேலே போன தண்ணீருக்கு ஈடாகப் புதுத் தண்ணீர் ஸ்பாஞ்சின் எல்லாப் பக்கமிருந்தும் மெதுவாக உள்ளே வருகிறது. சுழலும் விசிறியோ தண்ணீருக்குள் ஓடும் மின்சாரமோ கிடையாது. இந்தக் காற்றேற்றி முறையை ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் லோஷர் 1797-இல் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். நம் ஊர் விவசாயிகளுக்கு அவர் பெயர் தெரியாது, முறை நன்றாகத் தெரியும். கம்ப்ரசர் வைத்து போர் குழாய்க்குள் காற்றை இறக்கித் தண்ணீர் எடுக்கிறார்களே, அதுவும் இதே வேலைதான்.

உறிஞ்சும் விசை ஓர் ஓட்டையில் குவியாமல் ஸ்பாஞ்சின் முழுப் பரப்பிலும் பரவிவிடுகிறது. எந்த ஓரிடத்திலும் ஒரு குட்டியை இழுத்துப் பிடிக்கும் அளவுக்கு வேகம் வருவதில்லை. குட்டிகள் ஸ்பாஞ்சுக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டும் அதைக் கொத்திக்கொண்டும் இருப்பதைப் பார்க்கலாம். அங்கே அவற்றுக்கு உணவு இருக்கிறது. ஸ்பாஞ்சின் மேல் படியும் வழுவழுப்பான படலத்தில் ஒற்றைச் செல் உயிர்களும் பாசியும் உணவுத் துணுக்குகளும் ஒட்டியிருக்கும். நாம் இரை போடாத நேரங்களில் குட்டிகளின் வயிற்றை ஓரளவு நிரப்புவது அந்தப் படலம்.

ஆனால் ஸ்பாஞ்சின் முதன்மையான வேலை கண்ணுக்குத் தெரியாதது. மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை வெளிவிடுகின்றன. தின்னாமல் விட்ட இரையும் கழிவும் அழுகி மேலும் அம்மோனியா ஆகின்றன. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல. இந்த நுண்ணுயிர்கள் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் எரித்தே உயிர்வாழ்கின்றன என்று 1890 வாக்கில் நிறுவியவர் ரஷ்ய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. மீன் தொட்டிகளில் நைட்ரைட்டைக் கையாள்வது நைட்ரோஸ்பைரா வகை என்று 1998-இல் தெரிந்தது. இரண்டு கட்டத்தையும் ஒரே பாக்டீரியா தனியாக முடித்துவிட முடியும் என்பது 2015-இல்தான் வெளிவந்தது. அதைக் கண்டறிந்த இரண்டு குழுக்களில் நெதர்லாந்துக் குழுவுக்கு அது கிடைத்தது மீன் வளர்ப்பு அமைப்பு ஒன்றின் ஃபில்டரில்! வீட்டுத் தொட்டிக்குள் இருக்கும் ஸ்பாஞ்சில் இத்தனை புதுமை ஒளிந்திருக்கக்கூடும் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இங்கே தண்ணீரின் குணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் பல இடங்களில் கடினமாகவும் காரமாகவும் இருக்கிறது. பி.எச். 7 இருக்கும் தண்ணீரில், நம் ஊர் வெப்பத்தில், மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே நச்சு வடிவத்தில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது ஆறு பங்குக்கு மேல் ஏறிவிடும். அதே அளவு இரை, அதே எண்ணிக்கை மீன், பல மடங்கு நஞ்சு. அதனால் மென்மையான தண்ணீரில் தப்பிப் பிழைக்கும் அலட்சியம் இங்கே குட்டிகளைக் கொன்றுவிடும். ஆறுதலும் அதே தண்ணீரில்தான் இருக்கிறது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றும்போது பாக்டீரியா ஏழு கிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான காரத்தைச் செலவழிக்கிறது; கடின நீரில் அதற்குப் பஞ்சமில்லை. கூடவே நாலரை கிராம் ஆக்சிஜனும் வேண்டும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். மேலெழும் குமிழிகள் நீர்ப்பரப்பைக் கலக்கிக்கொண்டே இருப்பதால் சித்திரை வெயிலிலும் மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் மூச்சு கிடைக்கிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது துளையின் அளவு. ஓர் அங்குல நீளத்துக்குள் எத்தனை துளை என்று கணக்கிட்டு 20, 30, 45 என்று விற்கிறார்கள். கப்பி, மோலி குட்டிகளுக்கு 30 போதும். ஃபைட்டர், ஏஞ்சல் போல மிக நுண்ணிய குஞ்சு பொரிக்கும் மீன்களுக்கு 45 நல்லது, ஆனால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மெத்தைக் கடைப் பஞ்சை வெட்டிப் போடுவது வீண். அதன் கண்ணறைகளுக்கு இடையில் மெல்லிய சவ்வு இருப்பதால் தண்ணீர் சரியாக ஊடுருவாது. நல்ல ஃபில்டர் ஸ்பாஞ்சை வாயில் வைத்து ஊதினால் காற்று தடையில்லாமல் வரும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சும் வேண்டாம். கிருமிநாசினி சேர்த்தவை அதில் உண்டு. குழாய் நீளமாக, அதன் வாய் நீர்மட்டத்தை ஒட்டியிருந்தால் அதிகத் தண்ணீர் ஏறும். டியூபில் காற்றைக் குறைக்க ஒரு சிறு திருகு கட்டாயம் இருக்கட்டும்.

ஃபைட்டர் மீனுக்கு அந்தத் திருகு இல்லாமல் முடியாது. ஆண் மீன் நீர்ப்பரப்பில் நுரைக்கூடு கட்டி, முட்டைகளை வாயால் கவ்வி அதில் ஒட்டவைத்துக் காவல் காக்கும். ஒன்றரை நாளுக்குள் பொரியும் குஞ்சுகள் மேலும் இரண்டு மூன்று நாள் கூட்டிலேயே தொங்கும். அந்த நாட்களில் ஃபில்டரை முழுக்க நிறுத்திவிடலாம். வாதாமர இலை ஒன்றைக் கூட்டுக்கு அண்டையில் மிதக்கவிடுவது வளர்ப்பவர்களின் வழக்கம். குஞ்சுகள் தாமாக நீந்தத் தொடங்கியதும் நொடிக்கு ஒன்றிரண்டு குமிழி என்று ஆரம்பித்து மெல்லக் கூட்டலாம். ஏஞ்சல் மீனோ இந்தக் குழாயையே தேர்ந்தெடுத்து அதன்மேல் முட்டையிடுவதுண்டு. அப்போது குழாயை முட்டையோடு கழற்றி வேறு தொட்டிக்கு மாற்றிவிடலாம்.

புது ஸ்பாஞ்சில் பாக்டீரியா குடியேறி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். குட்டிகளுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. ஆரோக்கியமான பெரிய தொட்டி ஒன்றில் எப்போதும் கூடுதலாக ஒரு ஸ்பாஞ்சை ஓடவிட்டு வைத்திருந்தால், ஈனும் நாளில் அதை எடுத்துப் புதுத் தொட்டியில் வைத்துவிடலாம். கழுவும்போது குழாயடியில் பிழிந்தெடுக்கக் கூடாது. குடிநீரில் கலக்கும் குளோரின் வாரக்கணக்கில் வளர்ந்த பாக்டீரியாவை நிமிடங்களில் கொன்றுவிடும். தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் மொண்டு, அதில் இரண்டு மூன்று முறை மெதுவாகப் பிழிந்தால் போதும். பழுப்பு நிறம் முழுக்கப் போக வேண்டியதில்லை.

மின்சாரம் பற்றிப் புதுச்சேரிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-இல் கரையைக் கடந்த தானே புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் இருளில் கிடந்த ஊர் இது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை ஏறியபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மின்சாரம் போய் மூடிய குடுவை வகை ஃபில்டர் நின்றுவிட்டால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து, பாக்டீரியா செத்து நாற்றமெடுக்கும். பிறகு மின்சாரம் வந்ததும் அந்த அழுகல் முழுவதும் தொட்டிக்குள் பாயும். ஸ்பாஞ்ச் திறந்த தண்ணீரிலேயே நிற்பதால் கூடுதல் நேரம் தாங்கும். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று கையிருப்பில் இருந்தால் புயல் நாளும் கடந்துவிடும். அதுவும் இல்லையென்றால் இரை போடுவதை நிறுத்திவிட்டு, மணிக்கொரு முறை குவளையில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றலாம். ஏர் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே மாட்டியிருக்கிறீர்களா என்று இன்றே பார்த்துவிடுங்கள். கீழே இருந்தால், மின்சாரம் போன நொடியில் டியூப் வழியாகத் தண்ணீர் இறங்கிப் பம்பை நனைக்கும்; மின்விபத்துக்கும் வழிசெய்யும். டியூபின் நடுவே ஒருவழி வால்வு மாட்டுவது இன்னும் பாதுகாப்பு.

ஸ்பாஞ்சால் முடியாததும் உண்டு. கழிவைத் தொட்டியை விட்டு அது வெளியேற்றுவதில்லை. நைட்ரேட்டும் சேர்ந்துகொண்டேதான் போகும். ஆகவே அடியில் படியும் அழுக்கைச் சிறு டியூப் வைத்து உறிஞ்சி எடுப்பதும், குளோரின் நீக்கிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவதும் நம் வேலை. எடுத்த தண்ணீர் செடிக்கு நல்ல உரம். வளர்ந்த கோல்ட் ஃபிஷ், ஆஸ்கர் போன்ற பெருந்தீனிக்காரர்களின் தொட்டிக்கு ஒற்றை ஸ்பாஞ்ச் போதாது. பத்துத் தொட்டி வைத்திருப்பவர் எல்லாவற்றையும் ஒரே பெரிய ஃபில்டரில் இணைக்க ஆசைப்படுவார். இனப்பெருக்கத்துக்கு அது ஆபத்து, ஒரு தொட்டியின் நோய் எல்லாத் தொட்டிக்கும் போய்விடும். ஒரே பம்பிலிருந்து பிவிசி குழாயில் காற்றை மட்டும் பிரித்து, தொட்டிக்கொரு ஸ்பாஞ்ச் வைத்தால் தண்ணீர் கலக்காது. ஒரு தொட்டியில் மருந்து போட வேண்டி வந்தாலும் மற்றத் தொட்டிகளின் பாக்டீரியாவுக்குச் சேதமில்லை. மருந்து போட்ட தொட்டியின் ஸ்பாஞ்சை மட்டும் வேறெங்கும் மாற்றாமல் தனியாக வைத்திருங்கள்.