பிக்கப் முதுகில் ஒரு அறை: முதலில் எடைமேடைக்குப் போங்க

நம்ம ஊரில் கேரவன் என்றால் சினிமா ஷூட்டிங்கில் நடிகர்கள் உட்காரும் பஸ்தான் ஞாபகத்துக்கு வரும். இந்தப் பதிவு அதைப் பற்றியது இல்லை. பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் ஏற்றி வைக்கிற சின்ன அறை, அதுவும் கூரை மடங்கி எழும்புகிற வகை. பாப்-அப் கேம்பர் என்பார்கள். ஓடும்போது கூரை இறங்கி இருக்கும், நிறுத்தியதும் தூக்கினால் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். பக்கச் சுவரின் மேல்பாதி கேன்வாஸ் துணி.

இதில் நான் இறங்கக் காரணம் வெள்ளானூரில் எங்க தெருவிலேயே இருக்கிற நண்பர். செகண்ட் ஹேண்டில் ஒரு டபுள் கேப் பிக்கப் வாங்கினார். மனைவி, பையன், வயசான அம்மா எல்லோரையும் கூட்டிக்கொண்டு கொல்லிமலை போகணும், லாட்ஜ் தேடி அலையக் கூடாது என்பது அவர் கணக்கு. பாடி கட்டுற பட்டறையில் பேசி, வரைபடமும் வாங்கி வந்துவிட்டார். "நீ இன்ஜினியர்தானே, ஒரு தடவை பார்த்துச் சொல்லு" என்றார். நான் எழுதுவது சாஃப்ட்வேர். ஆனாலும் பி.இ. முதல் வருஷ மெக்கானிக்ஸ் இதுக்குப் போதும்.

தொட்டியின் நீளம் இல்லை, மிச்ச எடைதான் கேள்வி

எல்லோரும் முதலில் டேப் எடுத்துத் தொட்டியை அளப்பார்கள். அளக்க வேண்டியது எடையை. ஒவ்வொரு வண்டிக்கும் கம்பெனி நிர்ணயித்த உச்ச மொத்த எடை ஒன்று உண்டு. வண்டி, டீசல், ஆள், சாமான் எல்லாம் சேர்த்து அதைத் தாண்டக் கூடாது. இதில் வண்டிக்கு வண்டி பெரிய வித்தியாசம். 2005-ல் வந்த டாடா ஏஸ் பார்க்கச் சின்ன யானைதான், ஆனால் 750 கிலோ சுமக்க வடிவமைத்தது. பொலேரோ பிக்கப்பில் 1.7 டன் மாடலே இருக்கு. தடா தாண்டி ஸ்ரீசிட்டியில் தயாராகி 2016-ல் வந்த இசுசு வி-கிராஸ் போன்ற டபுள் கேப் வண்டிகள் பார்க்க முரட்டுத்தனமா இருந்தாலும், சுமைக் கணக்கில் இந்தச் சரக்கு வண்டிகளோடு போட்டி போட முடியாது. நாலு கதவு, அஞ்சு சீட், சொகுசு ஸ்பிரிங் எல்லாமே எடையைத் தின்றுவிடும்.

டேங்க் நிரப்பி, செங்குன்றம் சாலையில் ஒரு எடைமேடையில் வண்டியை நிறுத்தினோம். ஆள் இல்லாமல் 2,010 கிலோ. அவர் வண்டியின் உச்ச வரம்பு 2,550. மிச்சம் 540.

"அரை டன்னுக்கு மேல இருக்கே!" என்றார் நண்பர். கழிக்க ஆரம்பித்தோம். நாலு பேர் 270 கிலோ. அறுபது லிட்டர் தண்ணீர் 60 கிலோ. பேட்டரி 30. சிலிண்டர், அடுப்பு, பாத்திரம், மெத்தை, துணிமணி 80. கடைசியில் அறைக்கு என்று நின்றது வெறும் 100 கிலோ.

பட்டறை வரைபடத்தில் 40 மி.மீ. சதுர இரும்புக் குழாய், 2 மி.மீ. தடிமன். மீட்டருக்கு 2.4 கிலோ வரும். அறுபது மீட்டருக்கு 144 கிலோ. அதன் மேல் 12 மி.மீ. பிளைவுட் எட்டு ஷீட், ஒன்று 20 கிலோவுக்குக் குறையாது. கதவு, கீல், கூரைத் தகடு சேர்த்தால் 350 கிலோ. அதாவது 250 கிலோ அதிகம். அமெரிக்காவில் விற்கிற பாப்-அப் கேம்பர்களில் பலவும் 400, 500 கிலோ இருக்கும். அவர்கள் வண்டியைப் பார்த்து நாம் கட்டினால் இந்த இடத்தில்தான் அடி விழும்.

"ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டா சரியாயிடும்"

பட்டறையில் சொன்ன தீர்வு இது. பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டால் வண்டி தொங்காது, உண்மைதான். ஆனால் பிரேக், ஆக்சில், பேரிங், டயர், சேஸிஸ் எதுவும் அதனால் பலப்படாது. தொங்காமல் நிற்பதால், ஓவர்லோடு நம் கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான் மிச்சம். டயரின் பக்கவாட்டில் இருக்கிற எண்ணையும் பாருங்க. சுமைக் குறியீடு 110 என்றால் ஒரு டயர் தாங்குவது 1,060 கிலோ, அதுவும் சரியான காற்றழுத்தத்தில்.

எங்கே உட்காருகிறது, எவ்வளவு உயரத்தில்

டபுள் கேப்பில் தொட்டி குட்டை. அறை பின்னால் நீட்டிக்கொண்டு இருக்கும். 350 கிலோ அறையின் எடை மையம் பின் ஆக்சிலுக்கு 40 செ.மீ. பின்னால் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீல்பேஸ் 3 மீட்டர் என்றால், ஏற்றப்பலகை கணக்குதான்: முன் சக்கரங்களிலிருந்து சுமார் 47 கிலோ தூக்கப்படும், பின் ஆக்சிலில் 397 கிலோ இறங்கும். ஸ்டியரிங் லேசாகும், பின் டயர் திணறும். எடை மையம் பின் ஆக்சிலுக்கு முன்னால் இருக்க வேண்டும். தண்ணீர் டேங்க், பேட்டரி எல்லாம் கேபினை ஒட்டித் தரையோடு வைக்கணும்.

அடுத்தது உயரம். இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை, எடை மைய உயரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் வருவதுதான் வண்டி கவிழ்வதற்கான தோராய அளவுகோல். அமெரிக்க அரசு கார்களின் கவிழ்வு மதிப்பீட்டுக்கு இதைத்தான் அடிப்படையாக வைக்கிறது. 1.55 மீட்டர் அகலம், 0.7 மீட்டர் உயரம் என்றால் 1.11. 350 கிலோ அறையை 1.5 மீட்டர் உயரத்தில் எடை மையம் வருமாறு ஏற்றினால் அது 0.95 ஆகிவிடும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. இந்தக் கணக்கைச் சொன்னதும்தான் நண்பர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கூரை மடங்குகிற வகையின் அருமையும் இங்கேதான்: ஓடும்போது எடையும் காற்றுத் தடையும் கீழே இருக்கும்.

கட்டுவது, கரண்டு, சட்டம்

தொட்டித் தகடு மெல்லியது. அதில் நாலு போல்ட் போட்டுவிட்டு நம்பக் கூடாது. பிடிப்பு சேஸிஸ் வரை போகணும், நாலு மூலையிலும் டர்ன்பக்கிள் வேண்டும். திடீர் பிரேக்கில் அறை தன் எடைக்கு நெருக்கமான விசையோடு கேபினை முட்டப் பார்க்கும்.

சென்னைப் பக்கத்து வெக்கையில் ஃபேன் இல்லாமல் தூங்க முடியாது. 30 வாட் ஃபேன் இரண்டு, எட்டு மணி நேரம் ஓட 40 ஆம்பியர்-அவர். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிக்கக் கூடாது என்பதால் 100 வேண்டும். வண்டி பேட்டரியோடு நேரடியாக இணைக்காமல் நடுவில் ஐசொலேட்டர், பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ். மூடிய அறைக்குள் அடுப்பு பற்றவைக்காதீங்க. ஓடும்போது பின்னால் யாரும் உட்காரவும் கூடாது.

சட்டம் முக்கியம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. வெல்டிங் அடித்து நிரந்தரமாக்கும் முன், ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டு வாங்குங்க. விபத்துக்குப் பிறகு கேட்டால் பதில் நமக்குப் பிடிக்காது.

கடைசியில் என்ன ஆச்சு

"அப்போ அம்மாவை விட்டுட்டுப் பெட்டியை ஏத்தணுமா?" என்று கேட்டார் நண்பர். கேள்வி அதுதான். இரும்புக்குப் பதில் அலுமினியம் போட்டார், எடை மூன்றில் ஒரு பங்கு. பிளைவுட் அலமாரியை விட்டார், பக்கம் முழுக்கக் கேன்வாஸ். வெல்டிங் கிடையாது, நாலு பேர் சேர்ந்தால் இறக்கி வைத்துவிடலாம். தண்ணீர் 20 லிட்டர் போதும், வழியில் பிடிச்சுக்கலாம் என்றார்.

எல்லாம் ஏற்றி, அம்மா உள்பட எல்லோரும் உட்கார்ந்து, அதே எடைமேடைக்குப் போனோம். 2,510 கிலோ. சீட்டை வாங்கிப் பார்த்த அம்மா, "என் எடையுமா இதுல இருக்கு?" என்றார். அந்தச் சீட்டு இப்போது அவர் டேஷ்போர்டில் இருக்கு.

முதல் பயணம் கொல்லிமலை இல்லை, 14 வளைவு உள்ள ஏலகிரிதான். வண்டி பழகட்டும் என்றார்.