முயலுக்கு எந்தத் தோட்டா?

ஆஸ்திரேலியாவில் முயல் என்றாலே விவசாயிகளுக்கு ஆகாது. அங்கு அது பயிரையும் புல்லையும் தின்று தீர்க்கும் பகைவன்!

1859-ம் ஆண்டில் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணை முதலாளி, வேட்டையாடிப் பொழுது போக்குவதற்காக இங்கிலாந்தில் இருந்து 24 முயல்களை வரவழைத்தார். அவை கோடிக்கணக்கில் பெருகிவிட்டன.

முயல்களைத் தடுக்க மேற்கு ஆஸ்திரேலியாவில் 1,800 கிலோ மீட்டருக்கு மேல் வேலி போட்டார்கள். அந்த வேலை 1907-ல் முடிந்தது. அதற்குள் முயல்கள் அந்தப் பக்கம் போய்விட்டன! 1950-ல் முயல்களுக்கு நோய்க்கிருமியைப் பரப்பினார்கள். ஏராளமான முயல்கள் செத்தன. மிஞ்சியவை மீண்டும் பெருகின.

ஆகவே, இன்றும் விவசாயிகள் முயல் வளைகளை இடிக்கிறார்கள். தப்பி ஓடும் முயல்களைச் சுடுகிறார்கள்.

விளிம்பில் அடி

இதற்குப் பயன்படுவது சிறிய ரைபிள். அதன் தோட்டாவின் அடிப்பக்க விளிம்புக்குள் தீமருந்து இருக்கும். விசையை இழுத்ததும், ஊசி அந்த விளிம்பில் அடிக்கும். மருந்து தீப்பற்றும். குண்டு பாயும்.

இந்த வகையில் 3 தோட்டாக்கள் பிரபலமானவை.

முதலாவது, "22 லாங் ரைபிள்". 1887-ல் வந்தது. குண்டின் எடை சுமார் இரண்டரை கிராம். விலை மலிவு. சத்தம் குறைவு. ஒலியைவிட மெதுவாகச் செல்லும் ரகமும் உண்டு. அதனால் சுட்டால் பக்கத்து முயல்கள் அவ்வளவாக மிரளாது. 50, 60 மீட்டர் தூரத்துக்கு இதுவே போதும்.

இரண்டாவது, 1959-ல் வந்த "22 மேக்னம்". ஏறக்குறைய அதே எடை, வேகம் அதிகம். 100 மீட்டர் வரை நரியையும் வீழ்த்தும்.

மூன்றாவது, 2002-ல் வந்த "17 எச்.எம்.ஆர்.". குண்டின் எடை ஒரு கிராமுக்குச் சற்று அதிகம். ஆனால் வினாடிக்கு சுமார் 775 மீட்டர் வேகத்தில் பாயும்! 150 மீட்டர் வரை நேராகப் போகும். ஆனால் அவ்வளவு தூரத்தில் காற்று அடித்தால் ஒரு சாண் விலகிவிடும். முயலின் உடம்பில் பட்டால் சிதறும். கறி வீணாகிவிடும்.

எதை வாங்குவது?

வேகம் அதிகமாக இருப்பதே நல்லது என்று பலர் நினைப்பார்கள். அது சரி அல்ல. எவ்வளவு தூரத்தில் சுடப் போகிறோம், கறி வேண்டுமா, பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கறிக்காக, கிட்டத்தில் சுடுகிறவருக்கு லாங் ரைபிள் ஏற்றது. திறந்த வெளியில், தொலைவில் சுடுகிறவருக்கு 17. நரித்தொல்லையும் இருந்தால் மேக்னம்.

குறி தப்பினால்?

சிறிய குண்டுதானே என்று அலட்சியம் கூடாது. 22 குண்டு ஒன்றரை கிலோ மீட்டருக்கு மேலும் போகும். கல்லிலோ, இறுகிய தரையிலோ பட்டால் தெறித்து வேறு பக்கம் பாயும். 17 குண்டு மெல்லியது. தரையில் பட்டால் பெரும்பாலும் உடைந்துவிடும். ஆனாலும் அதை நம்பி இருக்க முடியாது.

முயலுக்குப் பின்னால் மண்மேடு இருந்தால் சுடலாம். வெறும் வானம் தெரிந்தால் சுடக்கூடாது. அப்பால் பக்கத்துப் பண்ணை மாடு நிற்கலாம், மனிதரும் நிற்கலாம்.

இன்னொன்று: எட்டாத தூரத்தில் சுட்டால் முயல் சாகாது. காயத்தோடு வளைக்குள் புகுந்து, துடித்துத் துடித்துச் சாகும். பயிரைக் காப்பது நியாயம். பிராணியை வதைப்பது நியாயம் அல்ல. ஒரே குண்டில் வீழ்த்த முடியாத தூரம் என்றால், விசையில் இருந்து விரலை எடுத்துவிட வேண்டும்.